உயிரைப் பணயம் வைத்துத் தீட்டிய ஓவியங்கள்

சிவகாசி அச்சகங்களில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான படங்கள் அச்சாகின்றன. காலண்டர்களாகவும் வாழ்த்து அட்டைகளாகவும் அவை நம் இல்லங்களை வந்தடைகின்றன. படம் என்பது நமக்கு எளிதிற் கிடைக்கும் பொருள். ஆனால், படம் வரைந்த குற்றத்திற்காகவே மனிதர் வதைபட்ட காலம் ஒன்று இருந்தது. அத்தகைய ஆபத்திலும் அவர்கள் ஏன் வரைந்தார்கள்?

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் செக் நாட்டின் தெரெசின் நகரை யூதர்களின் சிறையாக்கினர். அங்கே வரைபடப் பணியில் அமர்த்தப்பட்ட ஓவியர் சிலர், தாம் கண்ட பட்டினியையும் மரணத்தையும் மறைவாகத் தீட்டினர். 1944 ஜூலையில் அவர்கள் பிடிபட்டனர். அவர்களுள் ஃப்ரித்தா என்பவர் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். அவருடைய தோழர் லியோ ஹாஸ் உயிர் தப்பித் திரும்பினார். மறைத்து வைத்த படங்களை மீட்டார். நண்பரின் அநாதை மகனையும் தம் மகனாக ஏற்றார்.

புனித மாக்சிமிலியன் கோல்பே 1941-இல் உயிர் துறந்த ஆஷ்விட்ஸ் நிலவறைச் சிறையை நாம் அறிவோம். அதே நிலவறையின் மற்றோர் அறையில், கைதி ஒருவர் கீறிய சிலுவைநாதரின் உருவம் இன்றும் காணப்படுகிறது.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். நம்மவர் ஆயிரக்கணக்கில் மடிந்த இடத்திலும் இத்தகைய ஓவியங்கள் பிறந்தன. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். அதுவே 'மரண இரயில்'.

அங்கு வதைபட்ட ஆங்கிலேயப் போர்க்கைதி ரொனால்டு சேர்ல், தம் படங்களைக் காலராவால் சாகக் கிடந்தோரின் படுக்கைக்கு அடியில் ஒளித்தார். நோய்க்கு அஞ்சிய காவலர் அங்கே நெருங்கவில்லை. ஏறத்தாழ 300 படங்கள் தப்பின. ஜாக் சாக்கர் என்பாரின் படங்களைக் காவலர் கண்டுபிடித்து அழித்தனர். அவரையும் அடித்து நொறுக்கினர். எனினும் அவர் மீண்டும் வரைந்தார். மூங்கில் குழாய்களில் அடைத்துப் புதைத்தார். அழுகிய புண்களையும், மருத்துவர் டன்லப் ஆற்றிய சிகிச்சைகளையும் அவர் வரைந்த சித்திரங்கள் இன்று சாட்சியாக நிற்கின்றன.

அப்பாதையில் 12,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் மடிந்தனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 எனக் கணக்கிடுவர். அவர்களுள் மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். நல்ல கூலி என்ற ஆசை வார்த்தையாலும், பின்னர் வலுக்கட்டாயத்தாலும் அவர்கள் இழுக்கப்பட்டனர். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் கப்பலேறி மலாயா சென்ற குடும்பங்கள் பல அல்லவா?

போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பதிவு இருந்தது. உடன் மருத்துவர் இருந்தனர். காஞ்சனாபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறை உண்டு. நம் ஏழைகளுக்கோ அவை எவையும் இல்லை. பெயர் தெரியாமலே குழிகளில் புதைந்தனர். 2023-இல்தான் காஞ்சனாபுரியில் அவர்களுக்கென நடுகல் எழுந்தது.

'இம்மனிதர் இருந்தார், இவ்வாறு துன்புற்றார்' என்று உலகிற்குச் சொல்லவே அந்தக் கைதிகள் வரைந்தனர். அக்கடமை நமக்கும் உண்டு. மலாயா சென்று திரும்பாத பாட்டனாரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசியதுண்டா? பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதமோ, மங்கிய புகைப்படமோ கிடக்கிறதா? அதனை இன்றே எடுத்துப் பார்ப்போம். அதன் பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதி, நம் பிள்ளைகளின் கையில் கொடுப்போம்.