விராலுக்கு ஒரு தவளை

சென்னை மேடவாக்கத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் விரால் பிடிக்கப் போகிறவர்களிடம் எது நல்ல இரை என்று கேட்டால், யோசிக்காமல் தவளை என்பார்கள். மண்புழுவுக்கும் மைதா உருண்டைக்கும் ஜிலேபியும் கெளுத்தியும் வரும். விரால் வேண்டுமென்றால் சின்னத் தவளையை உயிரோடு முள்ளில் குத்தி, ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் இடையில் விட்டு, தண்ணீரின் மேல் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது. ஆனால் வயலெல்லாம் மனையாகிவிட்ட இந்தப் பக்கத்தில் தவளைக்கு இடம் சுருங்கிவிட்டது. வயல்பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்துபோகின்றன என்ற கவலையில்தான் 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்தியது. அப்படிப்பட்ட உயிரைத் துடிக்கத் துடிக்க முள்ளில் மாட்டுவதற்கு மனசு ஒப்பாதவர்கள் இப்போது ரப்பர் தவளைக்கு மாறிவருகிறார்கள். நல்ல மாற்றம் இது.

சிக்கல் என்னவென்றால், இந்த ரப்பர் தவளைகளில் பெரும்பாலானவற்றின் மூல வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. ‘பாஸ்’ என்ற அந்த ஊர் நன்னீர் மீனுக்காக உருவானது. பாஸின் வாய் அகலமானது. பல் என்று சொல்ல, அரம் போலச் சொரசொரப்பு மட்டும்தான் இருக்கும். விராலுக்கோ தாடை இறுகிய எலும்பு, அதில் கூரான பற்கள். பாஸுக்கென்று மெத்து மெத்தென வார்த்த தவளையை விரால் ஒரு கடி கடித்தால் போதும், கால் இல்லாமல்தான் திரும்பி வரும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருப்பது இதே விரால்தான். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்கிறார்கள். அங்குள்ள தூண்டில்காரர்கள் அமெரிக்கத் தவளையோடு நிற்காமல், மரத்திலும் ரெசினிலும் கட்டைவிரல் பருமனுக்கு உடல் செதுக்கி, பின்னால் சுழலும் தகடு கோத்து, ‘ஜம்ப் ஃப்ராக்’ என்று தங்களுக்கென ஒரு வகையையே உண்டாக்கிவிட்டார்கள். நம்மாலும் முடியும். மீன் இங்கே இருக்கிறது. உலோகத்தைக் குடைந்து அச்சு வெட்டும் கைகளும் பெருங்குடியிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன.

முதலில் விராலைப் பார்த்துவிட வேண்டும். அது காற்றைக் குடிக்கும் மீன். செவுள் போதாமல் தலைக்குள் தனியாக ஒரு காற்றறை வைத்திருக்கிறது. அதை நிரப்ப அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். அதனால்தான் ஆக்சிஜன் அற்றுப்போன குட்டையிலும் அது உயிர் வாழ்கிறது. செடி மண்டிய இடத்தில் அசையாமல் கிடந்து, தலைக்கு மேல் தண்ணீர் அதிர்ந்தால் பாயும். ஆகவே நம் தவளை செடிமேல் சிக்காமல் ஏறி இறங்க வேண்டும். அதற்கு முள்ளின் நுனி மேல்நோக்கி, முதுகோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். கடிக்கும்போது மட்டும் உடல் அமுங்கி முள் வெளியே வர வேண்டும். பின்னங்கால்கள் தண்ணீரைக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் பல்லுக்குத் தாங்க வேண்டும். நீளம் 5, 6 சென்டிமீட்டர் போதும். இவ்வளவையும் அச்சில் கொண்டுவருவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

வீட்டில் தொடங்குகிறவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஆரம்பிப்பார்கள். களிமண்ணில் தவளை பிடித்து, பிளாஸ்டரில் அமுக்கி, காய்ந்ததும் எடுத்துப் பசை பூசினால் ஒரு அச்சு ஆயிற்று. ஒரு பக்கம் தட்டையாக வரும். பிளாஸ்டர் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது. ஈரமான அச்சில் கொதிக்கும் பிளாஸ்டிக்கை ஊற்றினால் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். சிலிக்கான் அச்சு சூட்டைத் தாங்கும், ஆனால் சூட்டை வெளியே விடாது. ஒவ்வொரு வார்ப்புக்கும் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே அச்சு எடுத்தால் என்ன என்று தோன்றும். அதில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். வடிவம் சரியா என்று கையில் வைத்துப் பார்க்க அது உதவும்; ஊற்ற உதவாது.

கடைசியில் அலுமினியத்துக்குத்தான் வர வேண்டும். 6061 என்ற ரகம் இதற்குப் பெயர்போனது. சாதாரண எஃகைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், டூலுக்கு இணங்கி வெட்டுப்படும், துருப்பிடிக்காது. 150 மில்லிமீட்டர் நீளம், 75 அகலம், 20 கனத்தில் இரண்டு பலகை எடுத்தால் மொத்தம் 1.2 கிலோ. ஒரு பாதியில் தவளையின் முதுகு, மறுபாதியில் வயிறு. கணினியில் வரைந்த வடிவத்தை வி.எம்.சி. என்ற கணினிவழி வெட்டும் மெஷினுக்குப் புரியும் ப்ரோகிராமாக மாற்றிக் கொடுத்தால் அது குடைந்து தரும்.

பட்டறையில் முதல் கேள்வி, எத்தனை பீஸ் என்பதாகத்தான் இருக்கும். ஒன்றே ஒன்று என்றால் பலர் தயங்குவார்கள். அதில் தவறில்லை. அச்சின் செலவில் அலுமினியத்தின் பங்கு கொஞ்சம்தான். ப்ரோகிராம் போடும் நேரமும், ஜாப்பை மெஷினில் செட் செய்யும் நேரமும், மெஷின் ஓடும் மணிக்கணக்கும்தான் பணம். தவளையின் உடலைச் சீக்கிரம் குடைந்துவிடலாம். கால்தான் படுத்தும். 2 மில்லிமீட்டர் அகலமுள்ள காலுக்கு 1 மில்லிமீட்டர் உருண்டைமுனை கட்டர் வேண்டும். அது பென்சில் முள் கனத்தில் இருக்கும். கொஞ்சம் ஆழமாக இறக்கினால் முறிந்துவிடும். மேலாகச் சுரண்டிச் சுரண்டித்தான் இறங்க வேண்டும். அதனால் வரைகிறவர் காலைக் கொஞ்சம் தடிமனாக்கி, நுனியைச் சப்பையாக விரித்தால் மெஷின் நேரம் மிச்சம், விராலின் பல்லுக்கும் தாக்குப்பிடிக்கும். பட்டறைக்காரர் சொல்லும் இத்தகைய திருத்தங்களைக் கேட்டுக்கொள்கிறவருக்கு நல்ல அச்சு கிடைக்கும்.

கட்டர் போன வழியெல்லாம் நுண்ணிய வரிகள் விழும். பிளாஸ்டிக் ஒரு வரியைக்கூட விடாமல் பிரதி எடுத்துவிடும். பாலிஷ் போட்டால் தவளை பளபளக்கும். போடாமல் விட்டால் மங்கலாக, தோல் போல இருக்கும். எனக்கு வரியோடு இருப்பதுதான் பிடிக்கிறது. இரண்டு பாதிகளும் தவறாமல் பொருந்த டோவல் பின் வேண்டும். தலைமயிர் அளவு விலகினாலும் தவளையைச் சுற்றிப் பிசிறு கட்டும். முள் படுக்க வேண்டிய பள்ளத்துக்கு நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிவைக்க வேண்டும். காற்று வெளியேற ஒவ்வொரு கால் நுனியிலிருந்தும் காகிதக் கனத்துக்கு ஒரு கீறல் வேண்டும். இல்லாவிட்டால் விரல்களே இல்லாத தவளைதான் பிறக்கும்.

இந்த வேலைக்கு ஆள் இல்லையே என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தொழிலுக்கும் அச்சு செய்யும் தொழிலுக்கும் ஆள் தயார்செய்ய 1968இல் தொடங்கப்பட்ட சிபெட் நிறுவனம் கிண்டியில்தான் இருக்கிறது. கிண்டித் தொழிற்பேட்டை அதற்கும் பத்து ஆண்டு மூத்தது. வாளி மூடி முதல் கார் உதிரிபாகம் வரை அச்சு வெட்டிப் பழகிய கைகளுக்குத் தவளை பெரிய வேலை இல்லை. தூண்டில்காரர் அங்கே போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மிருதுவான பிளாஸ்டிக் இரையின் வரலாறும் ஒரு வீட்டு அடுப்பில்தான் தொடங்கியது. 1949இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டயர் ஆலைகளுக்குப் பேர்போன அக்ரன் நகரில், நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் உயிருள்ள மண்புழுவை மாதிரியாக வைத்து அச்சு எடுத்து, வினைலையும் எண்ணெயையும் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார்கள். அந்தப் புழுவிலிருந்துதான் இன்று உலகம் முழுக்க விற்கும் மிருதுவான இரைகள் எல்லாம் கிளைத்தன. நம் பக்கத்திலும் ஏரித் தூண்டிலுக்குப் பழைய ஆவணம் உண்டு. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1887இல் இந்திய ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றி மட்டுமே தனியாக ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

சரி, அச்சு கைக்கு வந்துவிட்டது. ஊற்றும் பொருளின் பெயர் பிளாஸ்டிசால். பி.வி.சி. தூள் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலந்து நிற்கும். புதிதாக ஒன்றுமில்லை, கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் இருக்கும் சிவப்பு உறை இதே குடும்பம்தான். பாட்டிலில் தூள் அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்க வேண்டும். தாலேட் என்ற ரசாயனம் கலக்காத ரகமாகப் பார்த்து வாங்குவது நல்லது. சற்றுக் கெட்டியான ரகம் விராலுக்குச் சரி.

அறைச் சூட்டில் அது பால் போல இருக்கும். சூடு தாங்கும் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, மைக்ரோவேவில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எடுத்துக் கிளற வேண்டும். அந்த மைக்ரோவேவில் பிறகு சோறு சூடுபண்ணக் கூடாது. இதற்கென்று பழையது ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். சூடேற ஏறப் பால் திரிந்தது போலக் கட்டிதட்டும். புதிதாகச் செய்கிறவர் இங்கே கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிடுவார். விடாமல் சூடாக்கினால் கட்டிகள் கரைந்து, 170 டிகிரி வாக்கில் தேன் போல ஓடும், கண்ணாடி போலத் தெளியும். நிறமும் மினுக்குத் தூளும் இப்போது சேர்க்கலாம். சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தே ஆக வேண்டும். 200 டிகிரியைத் தொட்டால் மஞ்சளித்து, பழுத்து, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகை கிளம்பும். அது ஹைட்ரஜன் குளோரைடு. அடுக்ககத்தின் மூடிய சமையலறை இதற்கு ஏற்ற இடமே இல்லை. மொட்டைமாடியில், காற்றோட்டத்தில், கண்ணாடியும் கையுறையும் ரசாயனப் புகை வடிகட்டும் முகமூடியும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டுச் செய்ய வேண்டும்.

அச்சையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். குளிர்ந்த அலுமினியம் பட்டால் கால் நுனிக்குப் போய்ச் சேருமுன்பே பிளாஸ்டிக் உறைந்துவிடும். பெரிய சிரிஞ்சு போன்ற அலுமினிய இன்ஜெக்டரில் உறிஞ்சி, நிமிர்த்தி வைத்த அச்சின் வாயில் பொருத்தி, சீராக அழுத்த வேண்டும். வாய் நிறைந்ததும் கையை எடுத்துவிடக் கூடாது. உள்ளே ஆற ஆறப் பிளாஸ்டிக் சுருங்கும். அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் குறையை இன்ஜெக்டர் நிரப்பும். இல்லாவிட்டால் தவளையின் தலை சொட்டையாகிவிடும். சில நிமிடம் கழித்து போல்ட்டைக் கழற்றி அச்சைத் திறந்தால், முதுகுப் புள்ளி, கால் விரல், வயிற்றுப் பள்ளம் என்று எல்லாம் அப்படியே இருக்கும். உடனே எடுத்து வளைத்துப் பார்க்க ஆசை வரும். அடக்கிக்கொண்டு தட்டில் நேராகப் படுக்கவைக்க வேண்டும். சூட்டோடு வளைந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். வளைந்த தவளை தண்ணீரில் ஒரு பக்கமாகவே சுழலும். கெட்டியாக வார்த்த தவளை இழுக்கும்போது மேலே வரும், விட்டால் மெதுவாக மூழ்கும். மிதக்க வேண்டுமென்றால் நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூள் கலக்க வேண்டும். உட்குழிவான தவளை வேறு வித்தை, வீட்டில் எளிதில் வராது.

சிலர் அடுத்த படியாக ஈயக் குண்டும் தாங்களே வார்க்க ஆசைப்படுவார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். அடுப்படியிலேயே முடியும் என்பதுதான் ஆபத்து. அதன் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டில் செய்யவே வேண்டாம் என்பேன். அறுந்து விழுந்த குண்டு அதோடு போய்விடுவதும் இல்லை. இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் நீர்ப்பறவைகள் ஈயத்தையும் கல்லென்று விழுங்கிச் சாகின்றன. இப்படி அன்னங்கள் மடிந்ததைப் பார்த்துத்தான் பிரிட்டன் 1987இல் தூண்டிலுக்கான சிறிய ஈயக் குண்டுகளைத் தடைசெய்தது. நமக்கு இது தூர தேசத்துச் செய்தி என்று விட்டுவிட முடியாது. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் வடிகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கும் போகிறது. 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற சுமார் 1,248 ஹெக்டேர் சதுப்புநிலம் அது. நாரையும் கூழைக்கடாவும் பூநாரையும் மேயும் இடம். வனத்துறை வசமுள்ள அந்தப் பகுதியில் தூண்டிலோடு நுழையவே கூடாது. மேலே உள்ள ஏரியில் நாம் விட்ட குண்டும் அறுந்த தூண்டில் நரம்பும் அங்கே போய்ச் சேரக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். விரால் தவளைக்கு ஈயமே தேவையில்லை. உடலின் எடையே தூரம் போய் விழப் போதும்.

ஏரிகளில் மீன்பாசி குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். செடியோரம் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மொய்த்துக்கொண்டு மேலே வந்து வந்து போனால், அடியில் தாய்தகப்பன் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அது பசிக்காக அன்றி, குஞ்சைக் காக்கவே எதையும் கடிக்கும். பிடிப்பது மிகச் சுலபம். பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. அங்கே தவளையை வீசாமல் நகர்ந்துவிட வேண்டும்.

கால் போன தவளைகளைக் கரையில் எறியாமல் கொண்டுவந்தால் வீணாகாது. முள்ளைக் கழற்றி, சேறு போகக் கழுவி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, அடுத்த வார்ப்பில் துண்டு போட்டு உருக்கலாம். பல நிறம் கலந்து அழுக்குப் பழுப்பாக வரும். கொஞ்சம் கறுப்புச் சாயம் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். பொழுது சாய்கிற நேரத்தில், கலங்கலான தண்ணீரில், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் விராலுக்குக் கறுப்புத் தவளைதான் தெளிவாகத் தெரியும்.