மூச்சை ஏவுவது யாது?

வகுப்பிலே மாணவரை நோக்கி, “மூச்சை அடக்கிக்கொண்டு நெடுநேரம் இருக்க இயலாதது ஏன்?” என வினவின், “உடலில் ஒட்சிசன் தீர்ந்துவிடுவதால்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். விடைத்தாள்களிலும் இதனையே ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். பொருத்தமானதுபோலத் தோன்றினும் இவ்விடை பிழையானது. சில புள்ளிகளை இழப்பதோடு இப்பிழை ஒழியுமாயின் இதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. கேணியிலும் கிணற்றிலும் இஃது உயிரையே கொள்ளத்தக்கது.

சுவாசம் நிகழுமாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குவாம். சுவாசப்பைகள் தாமாக விரியமாட்டா. தம்மை விரித்துக்கொள்ளும் தசை அவற்றில் இல்லை. விலா என்புகளுக்கு இடையேயுள்ள தசைகளும், மார்பறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குவிமாடம்போல அமைந்த பிரிமென்றகடும் சுருங்கும்போது மார்பறையின் கனவளவு கூடுகிறது. உள்ளேயுள்ள அமுக்கம் குறைகிறது. வெளிக்காற்று மூக்கினூடாகவும் வாதனாளியூடாகவும் உட்புகுகிறது. கொல்லன் துருத்தியிற் காற்றுப் புகுவதும் இவ்வாறே. காற்றுப் புகுந்ததனால் மார்பு விரிந்தது என்போர் காரணத்தைக் காரியமாக மாற்றிக் கூறுகின்றனர். மார்பு விரிந்ததனாற் காற்றுப் புகுந்தது என்பதே முறை.

அமைதியாயிருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் காற்றை உட்கொள்கிறார். அதில் 150 மில்லிலீற்றர் வரை குழாய்களிலேயே தங்கிவிட, மிகுதியே சிற்றறைகளைச் சேருகிறது. இச்சிற்றறைகள் 30 கோடிக்குக் குறையா. அனைத்தையும் விரித்துப் பரப்பின் 70 சதுர மீற்றர் அளவினவாகும். ஆயிரத்திலொரு மில்லிமீற்றரினும் மெல்லிய சுவரொன்றே அங்கே காற்றையும் குருதியையும் பிரித்து நிற்கிறது. அதனூடாக ஒட்சிசன் குருதிக்குள்ளும் காபனீரொட்சைட்டு வெளியேயும் பரவுகின்றன. உட்புகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன் உண்டு. வெளிவரும் காற்றில் 16 பங்கு எஞ்சியுள்ளது. நாம் உள்ளிழுப்பதில் ஏறக்குறைய நாலிலொன்றையே எடுத்துக்கொள்கிறோம் என்பதை மாணவர் மறந்துவிடலாகாது. காபனீரொட்சைட்டோ 0.04 பங்கிலிருந்து 4 பங்காக உயர்ந்து வெளிவருகிறது.

இனி, மூச்சை ஏவுவது யாது என்னும் வினாவுக்கு வருவோம். சுவாசத் தசைகளுக்கு ஆணை செல்வது மூளையின் அடிப்பகுதியாகிய நீள்வளைய மையவிழையத்திலிருந்து. அந்த ஆணை கூடுவதும் குறைவதும் எதனைப் பொறுத்தன? 1905 ஆம் ஆண்டிலே ஹால்டேன், பிறீஸ்ற்லி என்னும் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் இருவர் (ஒட்சிசனைக் கண்ட பிறீஸ்ற்லி வேறு, அவர் 1804 இலேயே மறைந்தார்) தம் சுவாசப்பைகளின் சிற்றறைக் காற்றையே ஆராய்ந்து இதற்கு விடை கண்டனர். அக்காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நூற்றுக்கு 0.2 பங்கு கூடிய மாத்திரத்தே சுவாசம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஒட்சிசன் சிறிது குறைந்தபோது அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. காபனீரொட்சைட்டு மிகும்போது மூளையைச் சூழ்ந்த பாய்பொருளின் அமிலத்தன்மை மிகுகிறது. அதனையே நரம்பு மையம் உணர்ந்து, “மூச்சை விடு” என நெருக்குகிறது. நாம் மூச்சடக்கும்போது நெஞ்சிற் பொறுக்கவொண்ணாததாய் எழும் தவிப்புக்கு முதற் காரணம் இதுவே.

ஒட்சிசன் குறைவை உணரும் உறுப்பு இல்லாமலில்லை. கழுத்திலே சிரசு நாடி கிளைக்குமிடத்தில் அஃது உளது. அதனை விளக்கிய ஹேமன்ஸ் என்பார் 1938 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். ஆயின், ஒட்சிசன் மிகக் குறைந்த பின்னரே அவ்வுறுப்பு வலிந்து தொழிற்படும். அப்போதும் அது மூச்சை விரைவுபடுத்துமேயன்றி, பெருந்தவிப்பை உண்டாக்குவதில்லை.

இதன் கொடுமையை 1875 ஏப்பிரில் 15 இற் பாரிசிலிருந்து ‘செனித்’ என்னும் பலூனில் ஏறிய மூவர் கண்டனர். திசாந்தியே, சிவெல், குரோசே-ஸ்பினெல்லி என்போர் அவர். ஒட்சிசன் கலந்த காற்றைப் பைகளில் உடன் கொண்டே சென்றனர். பலூன் 8,000 மீற்றருக்கு மேலே ஏறியது. துன்பம் ஏதும் தோன்றவில்லை. மாறாக, உள்ளத்திலே ஒருவகைக் களிப்புத் தோன்றியது எனத் திசாந்தியே பின்னர் எழுதினார். அருகிலிருந்த குழாயைப் பற்ற நினைத்தபோது கை எழவில்லை. பேச நினைத்தபோது நா எழவில்லை. உயிருடன் மீண்டவர் அவர் ஒருவரே. ஏனை இருவரும் பலூனிலேயே மாண்டனர். மூச்சு விடுதல் தடைப்படாமையாற் காபனீரொட்சைட்டு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருந்தது. ஆதலின் எச்சரிக்கை மணி அடிக்கவேயில்லை.

நம் பிள்ளைகள் பலூனில் ஏறுவதில்லை, கேணியில் முழுகுகின்றனர். என் சிறு பராயத்தில் எங்களூர்க் கேணியிலே யார் நெடுநேரம் முழுகிக் கிடப்பது என்று போட்டியிடுவோம். முழுகுமுன் பத்துப் பதினைந்து முறை விரைவாக ஆழ்ந்து மூச்சு விட்டாற் காற்று நெஞ்சிலே சேமிக்கப்படும் என மூத்த பையன்கள் சொல்லித் தருவர். நாங்களும் நம்பினோம். உண்மையிற் சேர்வது மிகச் சிறிதே. சாதாரணமாக மூச்சு விடும்போதே குருதியின் ஈமோகுளோபின் நூற்றுக்கு 97 பங்களவில் ஒட்சிசனால் நிரம்பியுள்ளது; நிரம்பிய குடத்தில் மேலும் எவ்வளவு வார்க்கலாம்? ஆனால் காபனீரொட்சைட்டு பெருமளவு வெளியேறிவிடுகிறது. முழுகியவன் தவிப்பின்றிக் கிடக்கிறான். தன் திறமையென எண்ணுகிறான். தவிப்பு எழுமுன் ஒட்சிசன் குறைந்து நினைவிழக்கிறான். ஒருநாள் எங்களுள் ஒருவன் அவ்வாறு அசைவற்றுக் கிடந்தான். அவன் வெல்லப்போகிறான் என்று நாங்கள் கரையிலே எண்ணிக்கொண்டிருந்தோம். துணி தோய்க்க வந்த ஒரு பெரியவர் இறங்கித் தூக்கியிராவிடின் அவன் பிழைத்திரான்.

கிணற்றின் கதையும் இதுவே. நெடுநாள் இறையாத கிணற்றில் இலைகுழைகள் அழுகி ஒட்சிசனைக் குறைத்துவிடும். இறங்கியவர் எச்சரிக்கை பெறுமுன் சோர்ந்து விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்த்த முதியோர் அறியாதவரல்லர். ஒட்சிசன் நூற்றுக்கு 16 பங்களவாகக் குறையும்போது சுடர் அவிந்துவிடும். எனினும், இக்காலத்தில் நீரிறைக்கும் எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே இறக்கி இயக்குவோர்க்கு அவ்விளக்கு உதவாது. இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு சுடரை அவிக்குமளவுக்கு வேண்டியதில்லை. ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். மணமுமில்லை, தவிப்புமில்லை.

இயந்திரத்தை மேலேயே வைத்து இயக்குக. விழுந்தவரைக் கண்டு உடனே குதியாது, இறங்குவோர் இடுப்பிற் கயிற்றைக் கட்டி, மறுநுனியை மேலே நிற்கும் பலர் பிடித்திருத்தல் எப்போதும் வேண்டும். தூக்கியெடுத்தவருக்கு மூச்சு நின்றிருப்பின், அவர் மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஊதலாம். நாம் ஊதும் காற்று நாம் கழித்த காற்றேயாயினும் அதில் 16 பங்கு ஒட்சிசன் இன்னும் உண்டு. அஃது அவருக்குப் போதும்.