முற்றுகை நடுவே ஒரு கிரயப் பத்திரம்

எருசலேம் நகரைப் பாபிலோன் படை வளைத்து நிற்கிறது. மதிலுக்கு வெளியே மண்மேடு நாளுக்கு நாள் உயர்கிறது. உள்ளே பஞ்சம், கொள்ளைநோய். கி.மு. 587-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த சம்பவம் இது.

அந்த நேரத்தில் அரண்மனையை ஒட்டிய காவல் முற்றத்தில் ஒரு கைதி தராசைப் பிடித்து வெள்ளி நிறுக்கிறார். எதற்கு? நிலம் வாங்க! நகரம் விழும், அரசர் பிடிபடுவார் என்று ஊரறியச் சொன்னதற்காக அடைத்து வைக்கப்பட்டிருந்தவர் அவர். பெயர் எரேமியா.

தீர்க்கதரிசி என்றால், தெய்வ வாக்கு காதில் விழுந்த மறுகணமே எழுந்து முழங்குபவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எரேமியாவின் வரலாறு அப்படி இல்லை. யோசியா மன்னரின் 13-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627-ஐ ஒட்டி, முதல் அழைப்பு வந்தபோதே தாம் சிறுபிள்ளை, பேசத் தெரியாது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தவர் அவர். அதன் பிறகு 40 ஆண்டுகள் அழுதார், வாதாடினார், பிறந்த நாளையே சபித்தார். இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று வாயை மூடியும் பார்த்தார். எலும்புக்குள் தீ பற்றியது போலிருக்கிறதே, அடக்க முடியவில்லையே என்று புலம்பினார்.

<b>வந்த பிறகே நம்பினார்</b>

காவல் முற்றத்தில் இருக்கும்போது அவருக்கு ஒரு வாக்கு வருகிறது. பெரியப்பா சல்லூமின் மகன் அனாமெயேல் வருவான். ஆனதோத்தில் உள்ள வயலை வாங்கிக்கொள் என்பான். ஆனதோத்து எரேமியா பிறந்த ஊர். எருசலேமுக்கு வடகிழக்கே 5 கிலோமீட்டர் தொலைவு. குடும்ப நிலம் கைமாறிப் போகாமல் நெருங்கிய பங்காளி மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

வாக்குக் கிடைத்ததும் எரேமியா பணத்தைத் தேடி எடுக்கவில்லை, எழுத்தரைக் கூப்பிடவில்லை. காத்திருந்தார். அனாமெயேல் நேரில் வந்து அதே பேச்சை எடுத்தபோதுதான் இது இறைவனின் சொல் என்று தெரிந்துகொண்டதாக அவரே கூறுகிறார். அப்படியானால் அதுவரை நிச்சயம் இல்லை என்றுதானே பொருள்? 40 ஆண்டு அனுபவசாலிக்கே இந்த நிலை!

ஆனால் அவர் எப்போதுமே அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஆலயத்தில் அனனியா என்பவர், பாபிலோனின் நுகம் இரண்டே ஆண்டில் முறியும் என்று அறிவித்தார். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் சுமந்திருந்த மர நுகத்தைப் பிடுங்கி, கூட்டத்தின் முன் உடைத்தும் காட்டினார். மக்கள் கேட்க விரும்பிய சேதி அது. எரேமியா கோபப்படவில்லை. அப்படியே நடக்கட்டும் என்றார். சமாதானம் வருமென்று சொல்பவரின் சொல், நடந்த பிறகே உறுதியாகும் என்றார். தம் வழியே போய்விட்டார். அந்த நிமிடம் அவரிடம் பதில் இல்லை, அதனால் பதில் சொல்லவில்லை. வாக்குப் பின்னர்தான் வந்தது. அப்போது திரும்பி வந்து சொன்னார். நகரம் விழுந்த பின், எகிப்துக்குப் போகலாமா என்று கேட்டு வந்தவர்களும் பதிலுக்கு 10 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. சந்தேகமே இல்லாமல் முழங்கியவர் அனனியாதான் என்பது கவனிக்கத்தக்கது.

<b>அசலும் நகலும்</b>

உறுதியானதும் எரேமியா ஒரு குறையும் வைக்கவில்லை. விலை 17 சேக்கல் வெள்ளி. இன்றைய அளவில் ஏறக்குறைய 200 கிராம். யூதாவில் நாணயம் புழங்காத காலம், ஆகவே வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார். பத்திரம் எழுதியாயிற்று, சாட்சிகள் கையெழுத்திட்டார்கள், முத்திரை வைத்தாயிற்று. முத்திரையிட்டது ஒன்று, எவரும் பிரித்துப் படிக்கத் திறந்த நிலையில் ஒன்று. இரண்டையும் தம் எழுத்தர் பாரூக்கிடம் எல்லோரும் பார்க்கக் கொடுத்து, நெடுநாள் கெடாதிருக்க மண்பானையில் வைக்கச் சொன்னார். பத்திர ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இந்தச் சடங்கு புதிதாகத் தோன்றாது.

இது கற்பனைக் காட்சி அல்ல. முத்திரையிட்ட பாகமும் திறந்த பாகமுமாகப் பத்திரம் எழுதும் வழக்கம் அந்நாட்டில் பல நூற்றாண்டு நீடித்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய பத்திரங்கள் சாக்கடல் ஓரக் குகை ஒன்றில் 1961-இல் கிடைத்தன. 1982-இல் எருசலேமின் பழைய நகர்ப் பகுதியைத் தோண்டிய இகால் ஷீலோ குழுவினர், ஒரே வீட்டில் 51 களிமண் முத்திரைகளைக் கண்டெடுத்தார்கள். பாபிலோனியர் வைத்த தீயில் பத்திரங்கள் சாம்பலாகிவிட்டன. முத்திரை மண் மட்டும் சுட்ட செங்கல் போல் இறுகித் தப்பியது. அதில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர் இருக்கிறது. எரேமியாவின் சுருளைப் பாரூக்கு உரக்கப் படித்தது அதே பெயருடைய ஓர் அதிகாரியின் அறையில்தான்.

பத்திரம் கைமாறியது. அதன் பிறகே எரேமியா வாய் திறந்து இறைவனிடம் கேட்கிறார். உலகைப் படைத்தவர், எகிப்திலிருந்து மக்களை மீட்டவர் என்று நீளமாகத் துதித்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வருகிறார்: மண்மேடு மதிலைத் தொட்டுவிட்டது, நகரம் பகைவன் கையில், இந்த வேளையில் காசு கொடுத்து வயல் வாங்கச் சொல்கிறீரே! வேறொருவராக இருந்தால் இதை முதலில் கேட்டிருப்பார், பணமும் மிஞ்சியிருக்கும். அதிலும் ஆனதோத்து ஊரார் முன்பு அவரைக் கொல்லச் சதி செய்தவர்கள். அந்த ஊர் நிலத்துக்குத்தான் அவர் வெள்ளி நிறுத்தார்.

இந்தத் தேசத்தில் மீண்டும் நிலம் விலைபோகும், பத்திரம் எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். எப்போது என்று அந்தப் பதிலில் இல்லை.

ஆனால் கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் முன்பே ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்த ஊர் நலமாயிருக்க வேண்டிக்கொள்ளுங்கள். 70 ஆண்டு ஆகும் என்று. உடனே ஊர் திரும்பலாம் என்று சொன்னவர்களை அவர் நம்ப வேண்டாம் என்றார். அப்படி எழுதியவரே சொந்த ஊரில் வயல் வாங்கிப் போட்டார்.

நகரம் விழுந்தது. எரேமியா விடுதலையானார். ஆனால் எஞ்சியிருந்தவர்கள் அவர் சொல்லை மீறி அவரையும் பாரூக்கையும் எகிப்துக்கு அழைத்துப் போனார்கள். அந்த வயலில் அவர் ஒரு நாளாவது கால் வைத்ததாக எங்கும் எழுதப்படவில்லை. மண்பானையைப் பற்றியும் பிறகு பேச்சில்லை.

கி.மு. 538-ஐ ஒட்டிப் பாரசீக மன்னர் கோரேசு, நாடு திரும்ப அனுமதி தந்தார். திரும்பியவர்களின் கணக்கு எஸ்றாவின் நூலில் ஊர்வாரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பெத்லகேம், நெத்தோபா என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு வரி: ஆனதோத்து ஊரார், 128 பேர்.