பழைய பெட்ரோல் வண்டிகளில் காற்றுக் கசிவும் புகைப் பரீக்ஷையும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசம் புதிய மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகும் இடமாகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் வருஷத்திலும், ஒரகடத்தில் 2010ஆம் வருஷத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் வேலையைத் தொடங்கின. ஆயினும், சுற்றுக் கிராமங்களில் காய்கறியும் விதையும் ஏற்றுவதற்குக் கார்புரேட்டர் பொருத்திய பழைய வேன்களை வைத்திருக்கும் குடியானவர்கள் இன்னும் சிலர் உளர். அவர்கள் பொருட்டு இக்குறிப்பு எழுதப்படுகிறது.

நான் பார்வையிட்ட ஒரு மிராசுதாரரின் வேன் புகைப் பரீக்ஷையில் இருமுறை தவறிற்று. ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரின் மிக்சர் திருகு திருப்பப்பட்டது. பெட்ரோல் செலவு மிகுந்ததேயன்றிக் குறை நீங்கவில்லை. முடிவில், விரலளவுள்ள ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்ததே காரணமென்று தெரிந்தது.

காரணம் யாது?

கிணற்றுப் பம்பின் உறிஞ்சு குழாயில் சிறு வெடிப்பு இருப்பின், பம்பு காற்றையிழுத்துத் தண்ணீரைக் கைவிடுவதை நாம் அறிவோம். பெட்ரோல் எஞ்சினும் அவ்வாறே உறிஞ்சும் யந்திரமாகும். கார்புரேட்டருக்குக் கீழே உண்டாகும் வாக்குவத்தை நம்பியே பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலக்கின்றன. குழாயிலோ பாக்கிங்கிலோ ஓட்டையிருப்பின் கணக்கில் வராத காற்று புகுந்து, கலவை நீர்த்துப்போகும், எஞ்சின் நடுங்கும், எரியாத பெட்ரோல் ஆவி வெளியேறும். இதை மறைக்கத் திருகைத் திருப்பிப் பெட்ரோலை அதிகப்படுத்தினால், கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு பெருகும்.

பரீக்ஷைச் சீட்டைப் படித்தல்

பாரத் ஸ்டேஜ் 2 விதிக்கு முற்பட்ட நான்குசக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1500 பங்கும் உச்ச வரம்பாகும். இவ்வண்டிகளின் சர்டிபிகேட் ஆறு மாதத்திற்கே செல்லும். ஹைட்ரோகார்பன் மட்டும் மிகுந்து மற்றது குறைவாயிருந்தால் காற்றுக் கசிவையோ, பிளக்கின் பழுதையோ ஐயுறுக. கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால் அடைபட்ட ஏர் பில்டரையும், மூடியபடி நின்றுவிட்ட சோக்கையும் பார்க்க.

சோதிக்கும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுக. காற்றாடி, பெல்ட் இவற்றினின்று கையையும் துணியையும் விலக்கி வைக்க.

2. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ‘உஸ்’ என்னும் ஓசை எங்கு வருகிறதென்று கேட்க. ஒவ்வொரு வாக்குவக் குழாயாக அழுத்திப் பிடிக்க. எக்குழாயைப் பிடிக்கையில் நடுக்கம் தணிகிறதோ, அக்குழாயிலோ அது சென்று சேரும் பாகத்திலோ கசிவு உள்ளது.

3. கார்புரேட்டரின் அடிப் பாக்கிங்கில் சோப்பு நீரைச் சிறிது தெளிக்க. எஞ்சினின் ஓட்டம் மாறினால் கசிவு அங்கேயாம். இதற்குப் பெட்ரோலை ஒருபோதும் தெளித்தலாகாது, தீப்பிடிக்கும்.

4. மெக்கானிக்கிடம் வாக்குவம் கேஜ் இருப்பின் அதைப் பொருத்தச் செய்க. நல்ல எஞ்சினில் முள் ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலத்தில் அசையாது நிற்கும். தாழ்ந்து நின்றால் கசிவோ, பற்றவைக்கும் நேரம் பிந்தியதோ காரணமாகலாம். ஒழுங்கான இடைவெளியில் துள்ளி விழுந்தால் வால்வுப் பழுதை ஐயுறுக.

திருகைத் தொடுதல் இவையெல்லாம் முடிந்த பின்னரே.

பிரேக்கைப் பற்றிய எச்சரிக்கை

பூஸ்டர் உள்ள வண்டிகளில் பிரேக்கிற்கு உதவுவதும் இதே வாக்குவமே. அக்குழாய் கெட்டால் மிதி கல்லைப் போல் கடினமாகும். வண்டி நிற்கும் தூரம் நீளும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே பாரத்துடன் செல்பவருக்கு இஃது உயிர்ப் பிரச்சினையாகும். எஞ்சினை நிறுத்திப் பிரேக்கைப் பலமுறை மிதித்து, பின் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்க. மிதி சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. தாழாவிடில், பழுது பார்க்கும்வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகலாகாது.

மேற்கூறிய கேஜ் அளவுகள் டிராக்டர் முதலிய டீசல் எஞ்சின்களுக்குப் பொருந்தா என்பதையும் நினைவிற் கொள்க.

வரப்பில் நண்டு வளையை அடைக்காமல் மடையை அகலத் திறப்பவன் நீரையே இழப்பான். கசிவை அடைக்காமல் திருகைத் திருப்புவதும் அத்தகையதே. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாயின் பெரிதும் பயனுண்டாகும்.