மாணவரே இல்லாத பள்ளிகள்

உங்களுக்குத் தெரியுமா?

2024-25 கல்வியாண்டில் ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் இந்தியாவில் 7,993. அவற்றில் பணியில் இருந்த ஆசிரியர்கள் 20,817 பேர்!

• மத்திய கல்வி அமைச்சகத்தின் கணக்கு இது. மேற்கு வங்கத்தில் மட்டும் 3,812 பள்ளிகள். அடுத்து தெலங்கானா: 2,245.

• இதற்கு நேர்மாறான கொடுமையும் உண்டு. அதே ஆண்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படித்த பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் அதிகம். அந்த ஒரே ஆசிரியர் ஒன்றாம் வகுப்புக்குப் பலகையில் எழுத்துகளை எழுதிப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்த ஓட வேண்டும். மதிய உணவுக் கணக்கும் அவர் தலையில்தான்.

• ஆனால், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.