இணையக் கடையின் திறப்பு யார் கையில்?

புறக்கோட்டையில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்கப்போகும் வியாபாரி என்ன செய்வார்? ஒப்பந்தம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்று முதலில் பார்ப்பார். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்பார். திறப்புகள் எத்தனை, அவை யார் யாரிடம் இருக்கின்றன என்று விசாரிப்பார். சிலர் பூட்டையே மாற்றிவிடுவார்கள். ஆனால் அதே வியாபாரி இணையத்தில் கடை திறக்கும்போது, "தம்பி, எல்லாத்தையும் நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று ஓர் இளைஞரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

நானும் அப்படித்தான் செய்தேன். எனது துணிக்கடைக்கு ஒரு தம்பி அழகான இணையக் கடை அமைத்துத் தந்தார். மூன்று வருடம் நன்றாக ஓடியது. பின்னர் ஒரு நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "நானா, உங்கட வெப்சைட் திறக்குதில்லையே" என்று கண்டியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் சொன்னார். தம்பியைத் தேடினால் அவர் வேலை கிடைத்து வளைகுடா போயிருந்தார். தளத்தின் பெயரும் சேர்வர் கணக்கும் அவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலில் இருந்தன. பணம் கட்டும்படி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறந்து பார்க்காத பெட்டியில் கிடந்தன. அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பெருநாள் முடிந்துவிட்டது. மூன்று வருடத்து வாடிக்கையாளர் விபரமும் போய்விட்டது. தம்பி களவு செய்யவில்லை. ஒப்பந்தத்தைப் பார்க்காமல் கடை எடுத்தது நான்தான்.

அதன் பின்னர் இரண்டாவது கடையை மகனோடு உட்கார்ந்து நானே நிறுவினேன். அந்த அனுபவத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கமாகும்.

மென்பொருள் இலவசம், மற்றவை இலவசமல்ல

இணையக் கடைக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஷொப்பிஃபை போன்ற நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்தி, அவர்களது இடத்திலேயே கடை நடத்துவது ஒன்று. கடை மென்பொருளை நாம் வாடகைக்கு எடுத்த சேர்வரில் நாமே நிறுவிக்கொள்வது மற்றொன்று. 2000 ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஆரம்பித்த ஓஎஸ்கொமர்ஸ் இந்த இரண்டாவது வழியின் முன்னோடிகளுள் ஒன்று. பிரான்சின் பிரெஸ்டாஷொப், வேர்ட்பிரஸுடன் இயங்கும் வூகொமர்ஸ், ஓப்பன்கார்ட் ஆகியவை பின்னர் வந்தவை. இவற்றின் அடிப்படை மென்பொருளை எவரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். செலவாவது பெயருக்கும் சேர்வருக்கும் வேலை செய்பவருக்கும்தான். நான் கையாண்டது ஓப்பன்கார்ட் என்பதால் அதனையே இங்கு விளக்குகிறேன்.

முதலில் மூன்று விடயங்கள்

ஒன்று, மின்னஞ்சல். கடைக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியை நீங்களே திறந்து, கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்குகளையும் இந்த முகவரியில்தான் பதிய வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் புதியது வருவது இங்குதான். ஆகவே இதை வைத்திருப்பவரே கடையின் உண்மையான முதலாளி.

இரண்டு, தளத்தின் பெயர். அதாவது டொமைன். இது கடையின் பெயர்ப்பலகை. எல்கே என்று முடியும் பெயராயினும் கொம் என்று முடியும் பெயராயினும் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். பெயர் முழுதாக விற்கப்படுவதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படுகிறது. தவணை முடியும் திகதியை வியாபார அனுமதிப்பத்திரம் போலக் குறித்து வையுங்கள்.

மூன்று, சேர்வரில் இடம். இதனை ஹொஸ்டிங் என்பர். ஓப்பன்கார்ட் இயங்குவதற்குப் பீஎச்பீ, மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டும் அங்கு இருக்க வேண்டும். 2022 இல் வந்த நான்காம் பதிப்புக்குப் பீஎச்பீ 8 தேவை. பணம் கட்டுவதற்கு முன் இதனைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

நிறுவும் முறை

பெரும்பாலான ஹொஸ்டிங் நிறுவனங்கள் சிபெனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் தருகின்றன. அதில் முதலில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்க வேண்டும். சாமான்கள், விலைகள், ஓடர்கள், வாடிக்கையாளர் விபரங்கள் யாவும் பதியப்படும் கணக்குப் புத்தகம் இதுவே. பின்னர் அதற்கென ஒரு பயனரையும் கடவுச்சொல்லையும் உருவாக்கி, அவரைத் தரவுத்தளத்துடன் இணைத்து எல்லா அனுமதிகளையும் கொடுக்க வேண்டும். தரவுத்தளத்தின் பெயருக்கு முன்னால் உங்கள் கணக்கின் பெயரையும் சிபெனல் சேர்த்துவிடும். அதையும் சேர்த்து முழுப் பெயராகக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அரை மணித்தியாலம் முட்டிக்கொண்டு நின்றது இந்த இடத்தில்தான்.

அடுத்து, பதிவிறக்கிய பொதியைப் பிரித்தால் உள்ளே 'அப்லோட்' என்றொரு கோப்புறை இருக்கும். அந்தக் கோப்புறையை அப்படியே ஏற்றாமல், அதற்குள் இருப்பவற்றை மட்டும் சேர்வரின் 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்ற கோப்புறைக்குள் ஏற்றுங்கள். அவற்றுள் 'கொன்பிக்-டிஸ்ட்' என்ற கோப்பு இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று வெளியிலும் மற்றொன்று 'அட்மின்' கோப்புறைக்குள்ளும் இருக்கும். இரண்டின் பெயரையும் 'கொன்பிக்' என்று மாற்ற வேண்டும்.

இனி உலாவியில் உங்கள் தளத்தின் முகவரியைத் தட்டினால் நிறுவும் பக்கம் தானாகவே வரும். உரிமப் பத்திரம், சேர்வர் பரிசோதனை, விபரங்கள், நிறைவு என்று நான்கு படிகள். பரிசோதனையில் சிவப்பாகக் காட்டுவதைச் சரிசெய்யாமல் மேலே போக முடியாது. மூன்றாம் படியில் தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் ஆகியவற்றையும், நிர்வாகிக்கான புதிய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். இந்த நிர்வாகி நீங்கள்தான். வேலை செய்யும் தம்பிக்கு வேறொரு பயனரை உருவாக்கிக் கொடுக்கலாம். அவர் விலகும் நாளில் அதை மூடிவிடலாம்.

திறந்தவுடன் செய்ய வேண்டியவை

நிறுவி முடிந்ததும் 'இன்ஸ்டோல்' கோப்புறையை அழித்துவிடுங்கள். கட்டட வேலை முடிந்த பிறகு மேசனின் ஏணியை வெளிச்சுவரில் சாய்த்து வைப்பதில்லை அல்லவா? 'ஸ்டோரேஜ்' கோப்புறையை வெளியார் எட்டாத இடத்துக்கு மாற்றும்படி மென்பொருளே கேட்கும். அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

புதிய கடையில் மெக்புக், ஐபோன் என்று மாதிரிச் சாமான்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை அகற்றுங்கள். நாணயமும் விநியோகப் பிரதேசமும் வெளிநாட்டுக்கு ஏற்ப இருக்கும். இலங்கை ரூபாவைச் சேர்த்து அதைக் கடையின் நாணயமாக்குங்கள். விநியோகக் கட்டணத்தையும் நம் பிரதேசங்களுக்கு ஏற்ப அமையுங்கள். கொழும்புக்கு ஒரு கட்டணம், அக்கரைப்பற்றுக்கு வேறொன்று என்று பிரிக்கலாம். சாமான் கையில் கிடைத்ததும் பணம் தரும் முறையும் வங்கி வைப்பு முறையும் ஓப்பன்கார்ட்டிலேயே உள்ளன. அட்டைக் கொடுப்பனவுக்கு வங்கியின் அல்லது கொடுப்பனவு நிறுவனத்தின் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பும் முறையை இணையுங்கள். அட்டை இலக்கங்களை உங்கள் சேர்வரில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் வருவதற்குச் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. இறுதியாக, நீங்களே ஒரு வாடிக்கையாளராக மாறி ஓர் ஓடர் கொடுத்துப் பாருங்கள். மின்னஞ்சல் வருகிறதா, கையிருப்பு குறைகிறதா என்று பார்த்த பின்பே விளம்பரம் செய்யுங்கள்.

பூட்டும் பிரதியும்

சொந்தமாக நிறுவிய கடைக்குக் காவலும் நாமே. மஜென்டோ என்ற கடை மென்பொருளின் முதலாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜூனில் நிறுத்தப்பட்டது. பலர் அப்படியே விட்டுவிட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் ஒரே வார இறுதியில் ஏறக்குறைய 2000 கடைகளுக்குள் திருடர்கள் புகுந்தனர். அவற்றில் மிகப் பெரும்பான்மை இந்தப் பழைய பதிப்பில் ஓடியவை. ஆகவே புதிய திருத்தம் வந்தால், முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அதனை நிறுவுங்கள்.

பிரதி விடயத்திலும் ஒரு பாடம் உண்டு. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சேர்வர் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர். வாரம் ஒருமுறை தரவுத்தளத்தையும் படங்களையும் இறக்கி, கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் நம்மிடம் உள்ள அமானிதம். 2022 இல் நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது என்பதை மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே இணையக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு கடையை மூடுமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பெயர் யாருடைய பெயரில் உள்ளது? சேர்வருக்குப் பணம் கட்டும் கணக்கு யாருடையது? மின்னஞ்சலின் கடவுச்சொல் யாரிடம்? நிர்வாகி யார்? கடைசிப் பிரதி எங்கே, எந்தத் திகதியில் எடுத்தது? ஐந்துக்கும் "அந்தத் தம்பிக்குத் தெரியும்" என்பதுதான் விடையானால், அந்தத் தம்பி ஊரில் இருக்கும்போதே அவரை ஒரு தேநீருக்கு அழைத்து, திறப்புகளை வாங்கி, அந்தத் தாளை இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள்.