அழகுக்கல்ல, வலிக்கு

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புச் சிகிச்சை இலவசம் என்று அறிவிக்கப்பட்டதும், அரசுப் பணம் அழகுக்கா என்ற கேள்வி எழுந்தது. மார்பகத்தைப் பெரிதாக்குவதற்கு அந்தக் கேள்வி பொருந்தலாம். குறைப்பதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. சேலத்துக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்ணும், இளம்பிள்ளைத் தறியில் நிற்கும் பெண்ணும் கழுத்து வலியை வேலை வலி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் பிரா பட்டி அழுத்தித் தோளில் பள்ளம் விழுந்திருந்தால், மார்புக்கு அடியில் வியர்வைப் புண் ஒவ்வொரு கோடையிலும் திரும்ப வந்தால், மார்பின் பாரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

'உடம்பைக் குறைத்தால் இதுவும் குறையும்' என்பார்கள். சிலருக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான 'பிராவோ' ஆய்வில், எடைக் குறைப்பும் பிசியோதெரபியும் தனி வகை பிராவும் நிலையான நிவாரணம் தரவில்லை. மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை தந்தது. பலன் உடல் எடையைப் பொறுத்ததாகவும் இல்லை.

பலனுக்கு விலை உண்டு. முழு மயக்கத்தில் 2 முதல் 4 மணி நேரம் வரை அறுவை நடக்கும். கொழுப்பையும் சுரப்பித் திசுவையும் மிகுதித் தோலையும் அகற்றி, காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். அகற்றிய திசு பெரும்பாலும் பரிசோதனைக்குப் போகும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஓரிரு வாரத்தில் திரும்பலாம். நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை அட்டைகளைத் தூக்குபவர் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். தழும்பு மங்கும், மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம். சர்க்கரை நோயும் புகைப் பழக்கமும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

வலுவான மறுப்பு தாய்ப்பால் பற்றியது. சிலரால் பின்னரும் பாலூட்ட முடிகிறது, சிலருக்குப் பால் குறைகிறது. முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. கர்ப்பத்தாலும் எடை ஏற்றத்தாலும் மார்பகம் மறுபடி பெருக்கலாம். எனவே, இன்னும் குழந்தை வேண்டும் என்பவர் தாங்க முடிகிற வலியானால் தள்ளிப்போடுவது நியாயம். ஆனால் இது காலத்தைப் பற்றிய வாதமே தவிர, சிகிச்சைக்கு எதிரானதல்ல. முழங்கால் மாற்று அறுவையும் தழும்பைத்தான் விட்டுப்போகிறது. அதை யாரும் அலங்காரம் என்பதில்லை. வலியால் வேலையும் தூக்கமும் கெடுகிற பெண் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடம் போகக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்க வேண்டியது விடுப்பு, பாலூட்டல், தழும்பு ஆகிய மூன்றையும் பற்றித்தான்.